மிதந்துபோன நீச்சல் குளம்

போன ஞாயிறு மலைமேல் கியா பார்ம் சந்தைக்குப் போயிருந்தேன். அவித்த சோளம் வாங்கலாம் என்று ஒரு கடையில் நின்றால்...

"வாங்க கப்பலக்கா! எத்தன வேணும்?"

அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட ஒரே ஒருத்தனுக்குத்தான் உரிமை. ஆறுமுகம்!

அதென்ன கப்பலக்கா? சொல்கிறேன். முதலில் சிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

போன வருடம் வரை நாங்கள் இருவரும் எஸ்டேட் பங்களாவில் வேலை. துரை இருந்த பங்களா, இப்போது விருந்தினர் விடுதி. எனக்கு அடுப்படி. அவனுக்கு வெளியே இருந்த நீச்சல் குளம்.

நம்ம மலை வானம் தெரியுமே — காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு வெயில், மத்தியானம் மழை. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் வைத்தியம் இருந்தது. மழை விட்டதும் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, நிறம் பார்த்து, குளோரின் போடுவான். காற்றடித்தால் வலையும் கையுமாக இலை அள்ளுவான். பெற்ற பிள்ளையைக்கூட யார் அப்படிப் பார்க்கிறார்கள்?

ஒருமுறை வாரம் முழுக்க விடாத மழை. மேட்டுச் செம்மண் இறங்கி, குளம் பால் தேநீராகிவிட்டது. சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். அவனோ, மருந்து போட்டிருக்கிறேன், மண் அடியில் தங்க மூன்று நாளாகும் என்றான்.

எனக்குப் பொறுக்குமா? லயத்து வீடுகளில் மழை விட்டால் எங்கள் முதல் வேலையே, தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவுவதுதான்.

"மொத்தமா தொறந்து விட்டுட்டுக் கழுவுவியா... மருந்தாம், மாயமாம்!"

"இல்லக்கா, மழ நேரத்துல குளம் காலியா இருக்கக் கூடாதுலா. மண்ணுக்கடியில ஊறுற தண்ணி மேல தூக்கிரும்."

"தூக்குமா? ஏன்டா, அது குளமா, கப்பலா?"

அடுப்படியே குலுங்கிச் சிரித்தது. தோட்டக்காரன் முதல் டிரைவர் வரை, "கேப்டன், கப்பல் எப்ப கெளம்புது?" என்று அவனை விரட்டினார்கள். கேலி பொறுக்காமல் சாயங்காலம் போய்க் குளத்துத் தண்ணீரை மொத்தமும் திறந்துவிட்டான்.

மறுநாளெல்லாம் மழை கொட்டியது. அதற்கடுத்த நாள் பார்த்தால், குளத்தின் தரை பூரி மாதிரி உப்பி, டைல்ஸ் எல்லாம் பிளந்து கிடந்தது.

"யார் தண்ணிய எறக்கச் சொன்னது?" — மேனேஜர்.

நான் கரண்டியோடு பக்கத்தில்தான் நின்றேன். ஆறுமுகம் என்னை ஒரு தடவை பார்த்தான்.

"நானாத்தான் சார் எறக்குனேன்."

அன்றைக்கே வேலை போனது.

சோளத்தை வாங்கிக்கொண்டே சொன்னேன். "இப்பவாச்சும் மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்றேன்டா."

"வேணாங்க்கா. குளத்த மண்ணு போட்டு மூடி, ரோசா வச்சிட்டாங்களாமே. நான் வந்து ரோசாவுக்கா குளோரின் போட?"

சிரித்தான். அப்போது லேசாகத் தூறியது. சட்டென்று கையை நீட்டி, அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். அப்புறம் ஞாபகம் வந்தவன் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டான்.

பிறந்ததிலிருந்து ஓயாத வாய் இது. ஒரே ஒரு நாள்தான் சும்மா இருந்தது... அன்றைக்குப் பார்த்தா இருக்க வேண்டும்?