ஜாமீன் கையெழுத்து

செஞ்சி பள்ளிவாசலில் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் நிதிக்கு அந்த வருடங்களில் நான்தான் பொறுப்பு. நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மனு வாங்க உட்காருவேன். கணவனை இழந்த மைமூன், தையல் மிஷின் வாங்க மூன்றாம் முறையாகக் கடன் கேட்டு வந்தாள்.

"ஜமாத்துல சந்தா கட்டுற ஆம்பள ஒருத்தர் ஜாமீன் போடணும்மா" என்றேன்.

"அப்படி ஒரு ஆம்பள இருந்தா நான் இன்னாத்துக்குண்ணே இங்க வரேன்?"

எனக்கு அலுப்பு. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, பஜாரில் மைமூன் புது மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். கடனுக்கு வட்டி கட்டுகிறாளாம்.

"வட்டிக்காரரு ஜாமீன் கேக்கலண்ணே" என்றாள், நிமிராமலே.

வட்டி கூடாதென்று நிதி வைத்த நாங்களே அவளை வட்டிக்கு அனுப்பியிருந்தோம். நாங்கள் என்ன, நான்தான். நானும் சந்தா கட்டுகிற ஆம்பளைதான். அன்று என் சட்டைப் பையில் பேனாவும் இருந்தது.