மூட்டலாமா என்று கேட்ட காலம்

ஊறின நெல்லுக்கு ஒரு வாசனை உண்டு. முதல் நாள் மண் வாசனை. மறுநாள் விடிந்தால் லேசான புளிப்பு. அதற்குமேல் வைத்தால் சோற்றிலும் அந்த நாற்றம் வரும்...

அன்று காலை எங்கள் கொல்லை முழுக்க அந்தப் புளிப்புதான். ஆடி வரைக்குமான சாப்பாடு அந்த அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பு மூட்டாமல் நின்றாள்.

அப்போது தருமபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கூரை வீடுகள். வைகாசியில் மேல்காற்று தொடங்கியதும் மேரியிலிருந்து, அதாவது பிரெஞ்சுக்காரர்களின் நகராட்சி ஆபீசிலிருந்து, தமுக்கு அடித்துச் சொல்வார்கள். கொல்லையில் நெருப்பு மூட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு மூட்ட வேண்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், காற்று ஏறுமுன் அணைத்துவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் போவதற்குச் சில வருஷம் முந்தி.

சட்டம் அவ்வளவுதான். எங்கள் தெரு அதற்குமேல் ஒன்று வைத்திருந்தது. சொன்னால் போதாது. பக்கத்து வீட்டிலிருந்து "மூட்டுங்க" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் யாரும் தீக்குச்சியைத் தொடமாட்டார்கள்.

காற்று போகும் பக்கம் ஜுலைகா ராத்தாவின் வீடு. அவர் கணவருக்குச் சைகோனில் கடை. ராத்தாவும் அம்மாவும் பங்குனியிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அவர் ஆடு எங்கள் நெல்லில் வாய் வைத்த அன்று, "ஆடு வளக்கிறீங்களா, திருடனை வளக்கிறீங்களா?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

நெல் அவிக்க வேண்டிய அந்தக் காலையில் அம்மா அப்பாவைப் போய்ச் சொல்லச் சொன்னாள். "பொம்பளைங்க சண்டையில என்னை இழுக்காத" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலியோரம் அந்த ஆடு கட்டியிருந்தது. அம்மா அதனிடம் போய், "ஏ ஆடே, உங்க வீட்டுல சொல்லு. இன்னிக்கு நெல்லு அவிக்கணும்" என்றாள்.

உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது. அதுவும் ஆட்டிடம்தான்.

"நீதான் திருடனாச்சே... உங்கிட்ட எதுக்கு சேதி சொல்லி அனுப்புறாங்க? வாய் இருக்குறவங்க வாயால சொல்லட்டும்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தென்னை ஓலைகள் அசையத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்சம் போனால் அன்றைக்கு நெருப்பே கூடாது. அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"ராத்தா... நெல்லு கெட்டுடும் ராத்தா."

குரல் உடைந்துவிட்டது.

"மூட்டு செண்பகம், மூட்டு. இந்தா வர்றேன்."

காத்துக்கொண்டே இருந்தவர் போல அவ்வளவு வேகமாகப் பதில். ராத்தா தன் கூரை விளிம்பெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு, இடுப்பில் குடமும் கையில் நனைந்த சாக்குமாக வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேரே அடுப்படியில் உட்கார்ந்து, அம்மா பற்றவைத்த தென்னை மட்டையை அவரே உள்ளே தள்ளத் தொடங்கினார்.

"நீங்க எதுக்கு ராத்தா, நான் தள்ளுறேன்."

"நீ தள்ளுனா பொறி பறக்கும். உன் வாயாட்டம்."

அம்மா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றாள்.

"ஆமா, புகைதான்" என்றார் ராத்தா. அவரும் துடைத்துக்கொண்டார்.

இப்போது நான் இருப்பது கோவில்பத்தில், ஓட்டு வீடு. நெல் மில்லுக்குப் போய் அரிசியாக வருகிறது. மேல்காற்று அதே காற்றுதான்... ஆனால் கொல்லையில் நெருப்பு என்றால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

நேற்றுச் சருகைக் கூட்டிவிட்டுத் தீப்பெட்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். கழுவுகிறவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"சருகு கொளுத்தப் போறேங்க" என்றேன்.

சத்தம் நின்றது.

"கொளுத்துங்க... அதை எதுக்குங்க எங்கிட்ட சொல்றீங்க?"