வெட்டாமல் போட்ட கூரை

வெள்ளவத்தையில் கடற்கரையோர ஒழுங்கை ஒன்றிலிருக்கும் எங்கள் வீட்டைச் சுவர்கள் மட்டும் மிஞ்சும்படி பிரிக்க வேண்டியிருந்தது. உப்புப் பூத்த சாந்து கைபட்டாலே உதிர்ந்தது. கொங்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் துருவேறிப் பருத்து அதைப் பிளந்திருந்தன. கூரையில் கிடந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுகளை மட்டும் கடற்காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேலையைப் பொறுப்பெடுத்திருந்த கொட்டாஞ்சேனை மேசன் பாஸ் அவற்றில் பன்னிரண்டைத் தனக்குத் தரும்படி கேட்டார்.

அவருடைய சமையலறைக்குத் தகரக் கூரை. துறைமுகக் காற்றில் அது சல்லடையாகிவிட்டிருந்தது. அதன் கீழேதான் அவர் மனைவி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். மழைக்காலம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. தொடங்கிவிட்டால் அடுப்பு எரியாது.

நான் மறுத்தேன். “அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா வெளியில வராது, பாஸ். கனகாலம் கழிச்சுத்தான் புற்றுநோய் மாதிரி வருத்தம் காட்டும்.”

“மிஸ் பொறந்து வளந்ததே இதுக்குக் கீழதானே? நல்லாத்தானே இருக்கீங்க?” சுற்றியிருந்த வேலையாட்கள் சிரித்தார்கள்.

“சும்மா கிடந்தாப் பெரிய பிரச்சினை இல்லை. வெட்டேக்க, துளைக்கேக்க, உடைக்கேக்கதான் தூசு பறக்கும்.”

“அப்ப வெட்டாம, தொளைக்காம போட்டாத் தருவீங்களா?”

நான் கொடுக்காவிட்டாலும் சீட்டுகள் இல்லாமற்போய்விடப் போவதில்லை. இடிபாடுகளை ஏற்ற வந்த லொறிக்காரர் அவை நன்றாக விலைபோகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாத யாரோ ஒருவர், எனக்குத் தெரியாத ஒரு முற்றத்தில், அவற்றை வாளால் அறுப்பார். புதுத் தகரம் வாங்கித் தருவதாகப் பாஸிடம் சொன்னேன். “அதையும் கடல் தின்னும். தின்ன ஒடனே திரும்ப உங்கள்ட்ட வந்து நிக்கணுமா?” என்றார். அதற்குமேல் வற்புறுத்துவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று தோன்றியது.

சம்மதித்தேன். சீட்டுகளை நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக முழுதாய் இறக்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் பாஸ் வீட்டுக்குப் போனேன். பாஸ் ஒரு கயிற்றில் முடிச்சுகள் போட்டிருந்தார். சீட்டிலிருந்த பழைய ஆணித்துளைகளின் இடைவெளி அது. முடிச்சு விழுந்த இடங்களுக்குத் தன் கூரைச் சட்டங்களைக் கழற்றி மாற்றியிருந்தார். புதிதாக ஒரு துளைகூட இல்லை. சமையலறையைவிடச் சீட்டுகள் நீளம். மிஞ்சிய பகுதி வாசலுக்கு வெளியே சரிந்து தாழ நீண்டிருந்தது.

“இனி எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டுத்தான் உள்ள வரணும்,” என்றார் மனைவி. நானும் குனிந்தே போனேன்.

ஏற்றும்போது ஒரு சீட்டு கீறல் விழுந்து வெடித்துவிட்டதாம். அதை நனைத்து, பொலித்தீனில் சுற்றிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். கூரையின் அந்த மூலையில் பழைய தகரமே மீண்டும் ஏறியிருந்தது. நான் அதைப் பார்த்ததைப் பாஸ் பார்த்தார். “வெடிச்சத ஏத்தினா நீங்க ஏசுவீங்க,” என்றார்.

முதல் மழை பெய்த மறுநாள், வேலைக்கு வந்த பாஸிடம் ஒழுகியதா என்று கேட்டேன்.

“ஒழுகிச்சு, மிஸ். தகரம் போட்ட மூலையில மட்டும். அடுப்ப இந்தப் பக்கம் இழுத்தாச்சு.”

சொல்லிவிட்டுச் சாந்து குழைக்கப் போனார்.