கரட்டுக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்த சூரியன்

நார்வேயின் வடகோடியில் நான் நர்ஸாக இருக்கும் ஊருக்கு என் தோழி வந்து இறங்கியபோது, பெட்டி நிறையப் பருப்புப்பொடி, ஒரு சின்ன அகல் விளக்கு. கூடவே ஒரு வேண்டுதலையும் கொண்டுவந்திருக்கிறாள் என்பது வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆடி வெள்ளி புள்ள. பொழுது எறங்கி வெளக்கு வெச்சுட்டுத்தான் சாப்புடுவேன்."

நான் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண். கல்லூரி விடுதியில் ஒரே அறை. போன வருடம் அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் போனில், "செரி புள்ள, போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் கடைக்குப் போகிறவர்கூட "போய்ட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். அந்த ஒரு சொல் என்னைப் போட்டு வதைத்தது. அன்று முழுக்க அழுதேன்.

அன்றைக்கு வேண்டிக்கொண்டாளாம். பிழைத்து எழுந்தால் ஒரு வருடம், வெள்ளிதோறும், பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும்வரை தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை. இதுதான் கடைசி வெள்ளி. டிக்கெட் போடும்போது, பொழுது எந்த ஊரிலும் ஆறரைக்குச் சாயும் என்று நம்பிவிட்டாள். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"இங்கே பதினோரு மணிக்கு மேலேதான்டி மறையும்! மயக்கம் போட்டு விழுந்தா?"

"அதுக்குத்தான் நீ இருக்கறியே, நர்சம்மா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் கணவரைப் போனில் பிடித்தேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேனுங்க. நம்மூருல பொழுது போனதும் சாப்புட்டுக்கோன்னா கேக்க மாட்டேங்கறா" என்றார் பாவம். அவள் போனைப் பிடுங்கினாள். "நான் நிக்கறது இங்கீங்க. இங்க எறங்கற பொழுதுதான் எனக்குப் பொழுது."

திட்டிக்கொண்டே அரிசிம்பருப்பு சாதம் செய்து டப்பாவில் அடைத்து, முந்தின ராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாத அவளைக் காரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். உதடு காய்ந்திருந்தது. புதிதாக முளைத்த குட்டை முடி காற்றில் சிலிர்த்து நின்றது.

நம்மூரில் சூரியன் தென்னைக்குப் பின்னால் பொத்தென்று இறங்கிவிடும். இங்கே அது இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்தது. ஒருவழியாக எதிர்த்தீவின் குன்றுக்குப் பின்னால் மறைந்தது. நான் பாய்ந்து டப்பாவைத் திறந்தேன்.

"மூடு புள்ள. எங்கூட்டுக்கு எதுக்கவும் கரடு இருக்குது. கரட்டுக்குப் பின்னால போனா எறங்குனதா அர்த்தமா?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை. குன்றின் மறுபக்கம் சூரியன் பளிச்சென்று வெளியே வந்து நின்றது. டப்பாவை மூடினேன். கோபத்திலும் சிரிப்பு வந்தது.

நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் எங்கள் கூத்தைப் பார்த்து நின்றார். அவள் வேண்டுதலைச் சொன்னேன். போன வாரம் வந்திருந்தால் சூரியன் மறைந்தே இருக்காது என்றார். அதைத் தமிழில் சொன்னதும் இவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"பாத்தியா! எனக்காகத்தான் எறங்குது!"

சூரியன் கடலைத் தொட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசிச் சிவப்பும் போனது. அவள் கும்பிட்டு, "போய்ட்டு வா சாமி" என்றாள். அகலை ஏற்றினாள், அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. நான் என் மேல்கோட்டை விரித்துச் சுவர் மாதிரி நின்றுகொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். திரி பிடித்துக்கொண்டது.

மணலில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். என் பங்கையும் கேட்டு வாங்கினாள். ஜெயித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அடுத்த வாரம் விமான நிலையத்தில் சோதனை வரிசை வரைக்கும் போனவள், என்னவோ மறந்தவள்போலத் திரும்பினாள். அத்தனை வெள்ளைக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி, திருச்செங்கோட்டுச் சந்தையில் கூப்பிடுவதுபோலக் கத்தினாள்.

"போய்ட்டு வாரேன் புள்ள!"