டிஷ்யூ அக்காவின் இன்டர்வியூ

மெத்தை தயாரிக்கும் கம்பெனி அது. வேலை நேரத்தில் தூங்கி மாட்டிக்கொண்டால்கூட, "தரம் பாத்துட்டிருந்தேன் சார்" என்று சொல்லித் தப்பிக்க வழியுள்ள தொழில். அங்கே ஹெச்.ஆர். பிரிவின் உதவியாளரை எல்லோரும் டிஷ்யூ அக்கா என்பார்கள். அவர் மேஜையில் கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். சம்பள உயர்வு கேட்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போகிறவன், மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்து, "அக்கா என்னைப் புரிஞ்சுக்கிட்டாங்கடா" என்பான். உயர்வு கிடைத்ததா என்று யாராவது கேட்டால்தான் அவனுக்கே ஞாபகம் வரும், போன காரியம் அதுதானென்று.

இவ்வளவு திறமை இருந்தும் அக்கா மேனேஜர் ஆகவில்லை. பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போய், அவர் நாற்காலியில் யார் யாரோ குடை காயவைக்கும் நிலை வந்துவிட்டது. வேலையெல்லாம் அக்கா பார்த்தார். கையெழுத்து மட்டும் 'மேனேஜருக்காக' என்று எழுதிப் போட வேண்டும். இல்லாத மேனேஜருக்காக.

தொழில் வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவர் சமைத்த அன்று அக்கா சொல்வார்: "வெங்காயம் ரொம்ப அழகா நறுக்கியிருக்கீங்க. உப்பு விஷயத்துல முன்னேற இடமிருக்கு. பாத்திரம் பளிச்னு இருக்கு."

"வாயில வைக்க முடியலன்னு நேரா சொல்லித் தொலையேன்" என்பார் கணவர்.

நாத்தனாரைக் கட்டிக்கொள்ளப்போகிற பையன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, "உங்க பலவீனம்னு எதையெல்லாம் சொல்வீங்க?" என்று அக்கா கேட்டுவைத்தார். பையன் மூன்றைச் சொன்னான். கல்யாணம் நடந்தது. மூன்றும் உண்மை. "தெரிஞ்சும் ஏன் அண்ணி சும்மா இருந்தீங்க?" என்று நாத்தனார் இன்றைக்கும் முறைக்கிறாள்.

ஒரு வழியாக மேனேஜர் பதவிக்கு இன்டர்வியூ என்று முதலாளி அறிவித்தார். வெளியிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்களாம். நடத்தப்போகிறவர் முதலாளியின் மருமகன். டைரக்டர் என்று அறை வாசலில் பலகை இருந்தாலும், கம்பெனி முழுக்க அவர் பெயர் மாப்பிள்ளைதான்.

"இதையும் விட்டா இனிமே கிடையாது. உன்னைப் பத்திப் பேசு. மத்தவங்களைப் பேச விட்டுடாதே" என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

தப்பு நாற்காலியில் தொடங்கியது. மீட்டிங் அறையில் ஏசி ஓடவில்லை என்று மாப்பிள்ளை அக்காவின் அறைக்கே வந்துவிட்டார். அக்கா பழக்கதோஷத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குக் கிடைத்தது எதிரே இருந்த கிறீச்சிடும் நாற்காலி. அதில் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசாதவர்கள் கிடையாது.

"சொல்லுங்க மேடம்."

"நீங்க சொல்லுங்க சார். முகமே சரியில்லையே?"

"அப்படியா தெரியுது?"

அக்கா பதில் சொல்லவில்லை. அவருடைய பெரிய ஆயுதம் அதுதான், சும்மா இருப்பது.

"மெத்தையைப் பாத்தாலே முதுகு வலிக்குது மேடம்."

"ம்ம்."

"வீட்ல நான் தரையிலதான் படுக்கறேன். மாமாவுக்குத் தெரியாது."

டிஷ்யூ பெட்டி தானாக அவர் பக்கம் நகர்ந்தது போலிருந்தது. "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?" என்றார் அக்கா. மாப்பிள்ளை கையிலிருந்த கேள்வித்தாளில் முதல் கேள்வியே அதுதான்.

"சைக்கிள் கடையில" என்றார் மாப்பிள்ளை, யோசிக்காமல். பிறகு எழுந்து கை குலுக்கினார். "ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசா இருக்கு மேடம்!"

அவர் போன பிறகுதான் கேள்வித்தாள் மேஜையிலேயே கிடப்பதை அக்கா பார்த்தார். அதில் ஒரு 'டிக்' கூட விழவில்லை.

"என்ன கேட்டாங்க?" என்றார் கணவர், வீட்டு வாசலிலேயே.

"ஒண்ணுமே கேக்கலைங்க."

"ஐயையோ. நீ என்ன கேட்டே?"

மறுநாள் காலை முதலாளி கதவைத் தட்டாமலே நுழைந்தார். "ஏம்மா, மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ வெச்சா, என் மாப்பிள்ளையை ராஜினாமா பண்ண வெச்சிருக்கியே! சைக்கிள் கடையாம்!"

"உக்காருங்க சார்."

"உக்கார வரல!" என்றபடியே உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா சும்மா இருந்தார்.

"நல்ல மனுஷன்தாம்மா" என்றார் முதலாளி, கொஞ்சம் பொறுத்து. "மெத்தையைத் தொடறப்ப அவர் முகம் போற போக்கை நானும்தான் பாக்கறேன். ஆனா என் பொண்ணுகிட்ட யார் சொல்றது? நான் சொன்னா, நீங்கதான் விரட்டுனீங்கன்னு என்னைக் கிழிச்சுடுவா. அவரைக் கேட்டா, 'நீங்களே சொல்லிடுங்க மாமா'ங்கறார்." ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டார். "நீயே அவகிட்ட பேசிடேம்மா."

'பாத்துக்கறேன் சார்' என்பதுதான் அக்காவின் வழக்கமான பதில். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அது மேனேஜர் பாக்க வேண்டிய வேலையாச்சே சார். நான் வெறும் உதவியாளர்தானே?"

முதலாளியும் கம்பெனி நடத்துகிறவர். அவருக்கும் சும்மா இருக்கத் தெரியும். இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். மேலே மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் கிறீச்சிட்டது எதிர் நாற்காலிதான்.

"சரி தாயே, நீதான் மேனேஜர். போதுமா?"

"எழுத்துல குடுத்துடுங்க சார்."

அக்காவே டைப் அடித்தார். முதலாளி கையெழுத்துப் போட்டார். கீழே அக்காவும் போட்டார், 'மேனேஜருக்காக' இல்லாமல்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் டக்டக்கென்று நெருங்கியது. "அப்பா எங்கே?" என்று யாரையோ அதட்டும் குரல். முதலாளி பின்கதவு வழியாக மாயமாகிவிட்டார்.

புது மேனேஜர் டிஷ்யூ பெட்டியை எட்டிப் பார்த்தார். மிச்சம் ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.