அண்ணன் நாற்காலியில் ஒரு போன்

என் அண்ணன் கிளெட்டோவுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான். ஓட்டோன் ஊரில் இருக்கும் அவன் வீட்டில் அப்பா வேலை பார்ப்பது நான். பள்ளிக் கூட்டத்துக்கு நான், பல் டாக்டருக்கு நான், பரிசளிப்பு விழாவில் அவன் மகள் மெரியலுக்குப் பதக்கம் போடவும் நான். நன்றியா கிடைக்கும்? "என் பொண்ணு கழுத்துல நீ எதுக்குடா மெடல் போட்ட?" என்று நடுக்கடலிலிருந்து சண்டைக்கு வருவான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மெரியலுக்குப் பதினாறு வயது. அவள் ஃபேஸ்புக்கில் போடும் ஒவ்வொரு படத்தின் கீழும் அண்ணன் போய், "முட்டி தெரியுது கண்ணு", "சாப்பிட்டியா?" என்று எழுதி வைப்பான். தோழிகள் சிரித்தார்கள். அவள் வேறு பெயரில் இன்னொரு ஃபேஸ்புக் கணக்குத் திறந்துகொண்டாள். பழையதில் அப்பாவுக்கென்று மாதம் ஒரு சர்ச் படம். பெண்ணுக்குப் பக்தி வந்துவிட்டதாக அவன் கப்பல் முழுக்கச் சொல்லித் திரிகிறான். நான்தான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடக்கிறேன்.

இந்த லட்சணத்தில், சனிக்கிழமை பள்ளி நடன விழாவுக்கு அவளை அழைத்துப் போகலாமா என்று ஜோவன் என்கிற பையன் கேட்டான். அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுக்கு வந்து அப்பன் முகத்தப் பாத்துக் கேக்கட்டும். நான் அவ அம்மாவக் கட்டிக்கக் கேட்டு, அவங்க வீட்டுக்கு எட்டு மாசம் தண்ணி சுமந்தவன்!"

"இப்பல்லாம் குழாயில வருதுண்ணே."

"அப்ப கேனையாவது தூக்கட்டும்!"

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோவன் வந்தான், நிஜமாகவே தோளில் தண்ணீர் கேனோடு. அண்ணி எப்போதும்போல அண்ணன் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, மேலே வீடியோ காலில் அண்ணன் முகம் தெரியும் போனை நிறுத்தி, எதிரே தட்டில் சோறும் வறுத்த மீனும் வைத்தாள். அன்று கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. சிக்னல் போனால் பன்னிரண்டு நாள் பேச்சில்லை.

"பேரு என்னப்பா?" என்று ஆரம்பித்தவன், திரையில் வாய் திறந்தபடி உறைந்துபோனான். பையன் அந்தத் திறந்த வாய்க்கே பெயர், ஊர், அப்பா தொழில், கணக்கு மார்க் எல்லாவற்றையும் மரியாதையாக ஒப்பித்தான். பத்து நிமிடமாகியும் படம் அசையவில்லை. அந்தக் கடலை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெரியல் என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, நீங்க சொன்னா போதும்."

"அப்பா வரட்டும் கண்ணு."

"எப்ப? ஜனவரியிலயா?"

"சரி, போயிட்டு வா! பத்து மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்" என்று எரிந்து விழுந்தேன். இரண்டும் பெரியவர்களிடம் ஆசி வாங்கும் வழக்கப்படி என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடின.

அப்போது போன் பேசியது. படம் மட்டும்தான் நின்றிருக்கிறது. நாங்கள் பேசியது முழுக்க அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"தம்பி." கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், ஆனால் குரல் இறங்கியிருந்தது. "பத்து வேணாம்டா. ஒன்பதரைன்னு சொல்லு. அதையாவது நான் சொன்னதா இருக்கட்டும்."

வாசலுக்கு ஓடினேன். "மெரியல்! ஒன்பதரைக்கு வந்துடணுமாம். அப்பா சொல்றார்!"

"நீங்கதான் பத்துன்னு சொல்லியாச்சே, சித்தப்பா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உள்ளே வந்தேன்.

"என்னடா சொன்னா?" என்று அண்ணன் கேட்டான்.

"சரிப்பான்னு சொன்னாண்ணே."