லயத்துச் சுவரில் ஒரு வெடிப்பு

என்னை அடிக்கத்தான் துரத்துகிறார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

காலையிலிருந்து வாடகைச் சைக்கிளும் கேமராவுமாக இலங்கை மலையகத்துப் பதுளையில் திரிகிறேன். கடைவீதி, பள்ளிவாசல் சந்து, வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் எல்லாம் முடித்து, நகரத்து ஓரத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தைப் படமெடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். பின்னால் ஒரு பெண் கத்துகிறாள். அவளோடு நாலு ஆண்கள் ஓடி வருகிறார்கள். நான் வெறிகொண்டு மிதிக்கிறேன். ஐம்பது வயதுத் தொப்பை மேட்டில் ஒத்துழைக்க மறுக்கிறது. செயினும் கழன்றுவிடுகிறது.

"அண்ணே, அடிச்சிடாதீங்க! எல்லாப் படத்தையும் அழிச்சிடுறேன்!"

"ஐயோ, அழிச்சிடாதீங்க சார்!" அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. "எங்க வீட்ட எடுக்காமப் போறீங்களே, வாங்க."

உள்ளே கூட்டிப்போய்த் தன் ஒற்றை அறையைக் காட்டுகிறாள். மலையை ஒட்டிய பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை வெடிப்பு. என் கை உள்ளே போகிறது.

"போன மழைக்கு வெடிச்சது சார். மண்சரிவு ஆபீசுலருந்து வந்து படம் எடுத்தாத்தான் வேற எடம் குடுப்பாங்களாம். நீங்கதானே அந்த சார்?"

"நான் சும்மா ஊர் சுத்த வந்தவன்ம்மா."

"அதான பார்த்தேன்," என்கிறார் துரத்தியவர்களில் ஒருவர். "ஆபீஸ்காரங்களும் நம்மளக் கண்டா ஓடுவாங்க. ஆனா சைக்கிள்ல ஓட மாட்டாங்க."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இருந்தாலும் எடுங்க சார்."

எடுக்கிறேன். வெளியே மழை தொடங்குகிறது. முற்றத்தில் விளையாடும் தன் பிள்ளைகளை அவள் அந்த அறைக்குள் கூப்பிடுகிறாள்.